கால் ஊன்றாமல் ஒரு வைத்தியம்

இதை எழுதுகிறவன் மாட்டு டாக்டரை முதன்முதலில் பார்த்தபோது அவருடைய வலது கை தோள்வரை ஒரு பசுவுக்குள் இருந்தது. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவனுக்கு ஓர் அரசு அதிகாரியின் கையெழுத்து வேண்டியிருந்தது. அந்த வயல்காட்டில் அவரை விட்டால் வேறு அதிகாரி கிடையாது. “இடது கையில போட்டா ஒத்துக்குவாங்களா?” என்று கேட்டார். ஒத்துக்கொண்டார்கள்.

இல்லை என்று சொல்ல வராத மனிதர். வாசலில் யாராவது “டாக்டரே” என்றால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். மனைவி ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். “நான் மாடா பொறந்திருந்தா இந்த வீட்ல ஒரு மரியாதை இருந்திருக்கும்” என்று வாரம் ஒருமுறையாவது சொல்லுவார்.

நர்ஸம்மாவின் ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் வார்மர் இல்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்படி ஓடியதில் ஒரு குழந்தை வழியிலேயே போய்விட்டது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து, துவைத்த துணியையே திரும்பத் திரும்பத் துவைத்தார். பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், சைக்கிளை எடுத்துக் காற்றடித்தார்.

வார்மருக்காக ஒரு சைக்கிள் பயணம் என்று முடிவானது. வாங்கித் தர மாவு மில்காரர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. “ஆஸ்பத்திரி அணியில டாக்டரோட சேர்த்து ஆறு பேர். ஆறு பேரும் சூரியன் மறையறதுக்குள்ள, சைக்கிள்லயே, என் மில்லு வாசலுக்கு வந்து சேரணும். ஒருத்தர் குறைஞ்சாலும் கிடையாது.”

நூற்றிருபது கிலோமீட்டருக்குப் பாதை வரைந்தது டாக்டர். அவருக்கு இந்தப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் அத்துப்படி. ஆனால் மாடு இருக்கிற சாலைகள்தான் அத்துப்படி என்பது பயணத்தன்றுதான் எல்லோருக்கும் உறைத்தது. வேலிக்கு வேலி “டாக்டரே, ஒரே ஒரு நிமிஷம்!” அதில் கடைசி ஒரு நிமிஷம் ஒரு பசு கன்று ஈனும் வரை நீண்டது. மற்ற ஐந்து பேரும் மில் வாசலில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்தார்கள். சொன்ன சொல் மாறாதவர் மில்காரர், வார்மர் வரவில்லை.

“கன்னுக்குட்டி நல்லா இருக்கா?” என்று கேட்டார் நர்ஸம்மா.

“இருக்கு.”

“சந்தோஷம்.”

அந்த வாரம் முழுக்க வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

மறு வருஷமும் மில்காரரின் நிபந்தனை அதேதான். நர்ஸம்மாவே பாதை வரைந்தார். முட்டைக்கோஸ், கத்தரி, சூரியகாந்தி; ஓர் ஆட்டுக்குட்டிகூட எட்டிப் பார்க்காத சாலைகள். முதலுதவிப் பெட்டியோடு பின்னால் வேனில் அவரும் வந்தார். “மாட்டைப் பார்த்தா கால் ஊன்றக் கூடாது. ஊன்றினா அவ்வளவுதான்” என்று கணவரிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

சூரியகாந்தி வளைவில் பசுக்கள் வரிசையாக நின்றன. பாதை மாறிய சேதி மாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் போயிருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்களே வந்துவிட்டார்கள்.

டாக்டர் கால் ஊன்றவில்லை. முதல் பசுவைச் சுற்றி சைக்கிளில் வட்டமடித்தார்.

“நேத்துலேர்ந்து அசை போடல டாக்டரே!”

“இடது பக்கம் தட்டிப் பாருங்க!”

“டம்முனு இருக்கு!”

“வாயு! எண்ணெய் குடுத்து நடக்க விடுங்க. அடுத்தது!”

“அடுத்தது நானுங்க. எனக்கே இடுப்பு வலி.”

“வேன்ல கேளுங்க!”

வரிசையின் கடைசியில் ஒரு பால்காரம்மா. அவருடைய கிடாரி சாலையோரத்தில் படுத்திருந்தது. “தம்பி, கன்னோட முன்னங்கால் ஒண்ணுதான் வெளிய வந்திருக்கு” என்றார்.

டாக்டர் ஒரு வட்டம் சுற்றினார். இன்னொரு வட்டம் சுற்றினார். சூரியன் சரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது வட்டத்தில் அவருடைய இடது கால் பெடலை விட்டு இறங்கியது.

“காலை எடுங்க!” வேன் கதவு படாரென்று மூடிக்கொண்டது. நர்ஸம்மா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே வந்தார். “உள்ள தள்ளிட்டு, மடங்கின காலைத் தேடி எடுக்கணும். அவ்வளவுதானே?”

“அது மனுஷக் குழந்தை மாதிரி இல்லம்மா…”

“தினமும் சோத்துக்கு நடுவுல இதைத்தானே சொல்றீங்க. எனக்கு மனப்பாடம். போங்க!”

போனார். மில் கூரையின் மேல் இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தபோது ஆறாவது சைக்கிள் வாசலுக்குள் நுழைந்தது. மில்காரர் சூரியனைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், தலையாட்டினார்.

இருட்டிய பிறகு வேன் வந்தது. நர்ஸம்மாவின் வலது கை தோள்வரை ஊறிக் காய்ந்திருந்தது.

“கன்னுக்குட்டி நல்லா இருக்கா?” என்றார் டாக்டர்.

“இருக்கு.”

“சந்தோஷம்.”

வார்மர் இப்போது பிரசவ அறையில் ஜன்னலை ஒட்டி இருக்கிறது. நர்ஸம்மா அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறார். டாக்டர் அதே மாட்டாஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் ஊரில் இல்லாத நாட்களில், பிரசவ ஆஸ்பத்திரி வாசல் மரத்தில் பசுவைக் கட்டிவிட்டு யாராவது காத்திருக்கிறார்கள்.