சாராயக்கடைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளம்

என் மனைவி பாகூர் பக்கத்தில் ஓர் அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். போன மழைக்காலத்தில் வேலைக்குப் போகும் வழியில், சாலைப் பள்ளத்தில் ஸ்கூட்டியோடு விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் உள்ளே அவளுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்து தலைப்பு யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். வெட்கக்கேடுதான், ஆனால் நடந்தது அதுதான்.

அப்போது எங்கள் கட்சிக்காக ஒரு வலைப்பூ நடத்திவந்தேன். கட்சி கேட்கவில்லை, நானாகத்தான். புதுச்சேரியை ஆள்வது எங்களுக்கு ஆகாத கட்சி. அதனால் வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட அரசாங்கத்தைத்தான் திட்டுவேன். அன்றைக்கு, ‘கொலைகார ஆட்சியே, என் மனைவியின் கைக்கு என்ன பதில்?’ என்று போட்டேன். வழக்கத்தைவிடப் பத்து மடங்கு பேர் படித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு தினமும் பள்ளம்தான். வில்லியனூரிலிருந்து எதிர்த்தரப்புக்கு எழுதும் ஒருவர் இருந்தார். முகம் பார்த்ததில்லை. அவர் சும்மா இருப்பாரா? ‘அது பள்ளமல்ல, மழைநீர் சேகரிப்பு. ஓட்டத் தெரியாதவர்கள் வீட்டில் இருக்கட்டும்’ என்று எழுதினார். நான் அவர் பரம்பரையை இழுத்தேன், அவர் என் பரம்பரையை இழுத்தார். பள்ளம் பாட்டுக்குப் பெருத்துக்கொண்டே போனது.

“எழுதிக் கிழிச்சது போதும்யா. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுல ஒரு வார்த்த சொல்லிட்டு வா. கட்டு பிரிச்சா நான் அதே ரோட்டுலதான போவணும்?” என்றாள் மனைவி.

“ஆபீசா? நான் ஆட்சியையே மாத்தப் போறேன்டி!”

அவள் தலையில் அடித்துக்கொள்ள ஒரு கைதான் இருந்தது. அடித்துக்கொண்டு, தானே பஸ் ஏறிப் போனாள். மத்தியானம் திரும்பி வந்து சொன்னாள்:

“அந்த எடம் நம்ப ஊரே இல்லியாம். தமிழ்நாடாம். மேப்பு எடுத்துக் காட்னாங்க.”

நான் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் எல்லை என்பது எலி கடித்த அப்பளம் மாதிரி. யாரும் வரைபடம் பார்ப்பதில்லை. கடைசிச் சாராயக்கடை எங்கே இருக்கிறதோ அதுவரை புதுச்சேரி, அவ்வளவுதான் கணக்கு. பள்ளமோ கடைக்கு இந்தப் பக்கம். ஆனால் கடைக்கு முன்னாலேயே தமிழ்நாடு ஒரு இருநூறு அடிக்கு உள்ளே நுழைந்து வெளியேறுகிறதாம். தமிழ்நாட்டை ஆள்வது எங்கள் கட்சி. சிரிப்பைப் பாதியிலேயே விழுங்கினேன்.

வில்லியனூர்க்காரருக்கும் எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. அன்று சாயங்காலமே, ‘தமிழ்நாட்டின் மரணக்குழி! அப்பாவித் தாயின் கை உடைந்ததே!’ என்று கதறியிருந்தார். மழைநீர் சேகரிப்பு போன இடம் தெரியவில்லை. எனக்கு வந்ததே கோபம்! மளமளவென்று எழுதினேன்: ‘சின்னக் குழியைப் பூதமாக்கும் கூட்டமே, நிதானமாக ஓட்டினால் எவரும் விழமாட்டார்.’ “செம அடி தலைவா” என்று ஒரே பாராட்டு.

மறுநாள் காலை அவள் அதை இடது கையில் போனைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான் காப்பியோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

“அப்ப நான் நிதானமா ஓட்டல. அதான?”

“அது அரசியலுடி...”

“சரி. நல்லா எழுதறவன்தான நீ. தமிழ்நாட்டு ஆபீசுக்கு ஒரு மனு எழுது. கட்டு பிரிக்க இன்னும் நாலு நாளுதான் கீது.”

வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தாள். எழுதினேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் எல்லைக்குட்பட்ட சாலையில்’ என்பதுவரை நன்றாகத்தான் ஓடியது. அடுத்த வார்த்தை வரவில்லை. இந்த மனு அந்த வில்லியனூர் ஆள் கையில் சிக்கினால் என்ன ஆவது என்று யோசித்தேன். ‘சிறிய’ என்று எழுதினேன்.

அவள் பேனாவைப் பிடுங்கி, அதை அடித்துவிட்டு, இடது கையால் கோணல்மாணலாக ‘பெரிய பள்ளம்’ என்று எழுதினாள்.