வாரத்துக்கு ஒரு சேதி சொன்ன லலிதம்மா

என் மூத்த பேரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் டீம் லீடர். இளையவன் சிப்காட்டில் இன்ஜினியர். பேத்தி எம்.சி.ஏ.வில் கல்லூரிக்கே முதல். மூன்று பேர் கையிலும் செல்போன். லலிதம்மா இறந்துவிட்டார் என்று அவர் மகன் அனுப்பிய மெசேஜ் மூன்று போனுக்கும் ஞாயிறு காலையிலேயே வந்துவிட்டது. எனக்குச் சொன்னவள் மறுநாள் தளி ஊரிலிருந்து வந்த பூக்காரி. "ஏம்மா, நீங்க மட்டும் சாவுக்கு வரல?" என்றாள். எல்லாம் முடிந்துபோயிருந்தது.

இளையவனைக் கேட்டேன். "புது போன் சேதி, புது கம்ப்யூட்டர் சேதின்னு வந்துகிட்டே இருக்கு ஆயா. அதுல இது அடியில போயிடுச்சு" என்றான். அடியில் போயிற்றாம்! இருபத்துநாலு மணி நேரமும் அந்தச் சேதிகள் வேண்டுமென்று யார் கேட்டது? வீட்டு போன் இனி வேண்டாமென்று இணைப்பை வெட்டச் சொன்னவனும் இவன்தான்.

நம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த எல்லோருக்கும் லலிதம்மாவைத் தெரியும். தொழிற்சாலையில் டிராயிங் பிரிவில் வேலை. பேப்பர், கம்ப்யூட்டர் பத்திரிகை எல்லாம் வாங்குவார். ஞாயிறு மதியம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஊறப்போட்ட அவரைக்கொட்டையைப் பிதுக்குவோம். அப்போது அந்த வாரத்தில் ஒரே ஒரு புதுச் சேதி சொல்வார். "மத்ததெல்லாம்?" என்று கேட்டால், கிண்ணத்தையும் குப்பையையும் காட்டுவார். "பருப்பு இவ்ளோதான்க்கா. மிச்சமெல்லாம் தோலு."

ஒருமுறை, ஏதோ நம்பரிலிருந்து போன் வந்தால் எடுத்தவன் ரத்தம் கக்கிச் சாவான் என்று ஊரே பயந்தது. டீம் லீடரே, "ஆயா, எடுக்காதீங்க" என்றான். லலிதம்மா கேட்டார்: "செத்தவன் எந்த ஊரு?" ஒருத்தி அஞ்செட்டி என்றாள், ஒருத்தி குந்தாரப்பள்ளி என்றாள். "ஊருக்கு ஊரு சாவறானே, அவ்ளோ உசுரு எங்கிருந்துடி வந்துச்சு அவனுக்கு?" அந்த நேரம் பார்த்து என் வீட்டு போன் அடித்தது. யாரும் அசையவில்லை. அவர்தான் போய் எடுத்தார். கேஸ் சிலிண்டர்காரன்!

லலிதம்மா பாகலூர் ரோட்டிலிருந்த மகன் வீட்டுக்குப் போன பிறகும், நான் பஸ் ஏறிப் போய் அவரிடம் சேதி கேட்டேன். கால் வலி வந்ததும் அதுவும் குறைந்தது. சாவு மெசேஜ் வந்த அந்த ஞாயிறன்று வீட்டிலேயே உட்கார்ந்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தேன். இளையவன் போன் என் பக்கத்திலேயே கிடந்து கத்திக்கொண்டிருந்தது. அதற்குள் லலிதம்மா இருந்தார். ஒரு பஸ் தூரத்தில் இருந்தும், கடைசியாக அவர் முகம் பார்க்காமல் விட்டேன்.

இப்போது என் வீட்டில், சாப்பிட உட்காருமுன் ஒவ்வொருவரும் எனக்கு ஒரு சேதி சொல்லியாக வேண்டும். போனைப் பற்றியதல்ல, ஓர் ஆளைப் பற்றியது. முறைக்கிறார்கள். முறைக்கட்டும். லலிதம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான்.

அவர் மகனுக்கு ஒரு வார்த்தை. அஞ்சலிச் சுவரொட்டியில் நீ போட்டது கம்பெனி அடையாள அட்டையில் இருந்த பழைய படம். அது என் லலிதம்மா இல்லை. கடைசியாக எடுத்த புதுப் படம் ஒன்றைக் கவரில் போட்டுத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே, தம்பி. அடியில் போய்விடும்.