எந்தக் கரையின் நாலு மணி

என் அண்ணன் ராடிசாவுக்கு இரண்டு கைக்கடிகாரம். இடது கையில் நம்ம மணி, வலது கையில் அவங்க மணி. டான்யூபின் இந்தக் கரையில் செர்பியர்கள் நாங்கள், எதிர்க்கரை ருமேனியா. அங்கே எப்போதும் ஒரு மணி நேரம் கூடுதல். இருபத்தாறு வருஷம் இரண்டு கரைக்கும் நடுவே ஓடிய பயணிப் படகில் டிக்கெட் கிழித்தவன் அவன். இப்போது அந்தப் படகு ஓடுவதில்லை. ஆனாலும் இரண்டு கடிகாரத்துக்கும் காலையில் எழுந்ததும் சாவி கொடுத்துவிட்டுத்தான் முகம் கழுவுவான்.

எங்கள் பக்கத்தில் வெறும் ‘நாலு மணி’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘நம்ம நாலு’ என்போம், இல்லாவிட்டால் ‘அவங்க நாலு’ என்போம். பல் பிடுங்கப் போவதென்றாலும் சரி, பன்றி வாங்கப் போவதென்றாலும் சரி, யாருடைய மணி என்று சேர்த்துத்தான் வாயில் வரும். சந்தேகம் வந்தால் ராடிசாவிடம் கேட்பார்கள். அவன் தூக்கத்தில்கூடச் சரியாகச் சொல்வான்.

அப்படிப்பட்டவன்தான் தன் ஒரே மகளின் கல்யாணத்துக்குப் போகவில்லை. கேட்டதற்கு, “மணி குழம்பிடுச்சு” என்றான்.

யார் நம்புவார்கள்? நெவென்கா எதிர்க்கரையில் லிவியு என்ற படகு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். அன்று காலை அண்ணன் என் சமையலறையில்தான் இருந்தான். கோட்டு சூட்டெல்லாம் போட்டு, இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, இரண்டு மணியையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். “கெளம்புண்ணே, மத்தது போனாப் போவுது, மோதிரம் மாத்தறதையாவது பாரு” என்று கத்திக்கூடப் பார்த்தேன். அசையவில்லை. சாயங்காலம் போனில் அவளிடம் அந்தப் பொய்யைச் சொன்னான். அவள் வைத்துவிட்டாள். ஏழு வருஷம் ஆயிற்று.

இந்த ஜூலையில் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. அக்கரையில் ஆற்றோர இசைவிழா. “அப்பா, ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு நான் பாடறேன். வாங்க.” அவ்வளவுதான்.

அண்ணன் அதை எத்தனை தடவை கேட்டான் என்று கணக்கில்லை. என் கோழிகளுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

“நம்ம நாலா, அவங்க நாலா?” என்றேன்.

“அதான் சொல்லலியே.”

“போனப் போட்டுக் கேளேன்!”

“ஏழு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு மணி கேக்கச் சொல்றியா? அதுவும் நான்?”

அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. மணி குழப்பத்தை இன்னொரு தரம் வாயில் எடுக்க முடியாது அவனால். இந்தத் தடவை தவறவிட்டால் அவள் முகத்தில் விழிக்கவே முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பிடித்த பிடியை விடவில்லை.

“ஸ்டானா, அவ என் பொண்ணு. என் படகுல வளந்தவ. எனக்குச் சொன்னா நம்ம மணியத்தான் சொல்வா.”

“ஏழு வருஷமா அங்க சோறு திங்கறா. அவங்க மணிதான் அவ வாயில வரும்.”

“அப்படின்னா அவ என் பொண்ணு இல்லைன்னு ஆயிடும்.”

இந்த மனுஷனை என்ன செய்வது? மணி கேட்டால் பாசத்தை எடை போடுகிறான். நான் கடைசியாக ஒன்று சொன்னேன்: “நம்ம மூணுக்கே போய் நின்னுடுவோம். ரெண்டுக்கும் ஆச்சு.” அதுவும் ஆகாதாம். முன்கூட்டியே போய்க் காத்துக்கிடந்தால் கெஞ்சுகிற மாதிரி இருக்குமாம். அப்பன் சரியான நேரத்துக்கு வந்தான் என்று இருக்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை நம்ம ஒரு மணிக்கு என் மீன்படகில் கிளம்பினோம். மோட்டாரைப் போட்டால் ஒன்றேகால் மணி நேரத்து வழி. அவன் மோட்டாரைத் தொடவே விடவில்லை, அவ்வப்போது துடுப்புப் போட்டால் போதுமாம், சரியாக நம்ம நாலுக்குச் சேர்ந்துவிடுவோமாம். அணை கட்டிய பிறகு டான்யூப் ஏரி மாதிரி ஆகிவிட்டது, நீரோட்டம் இழுக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மலைகள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்க, நாங்கள் நடுவில் தக்கை மாதிரி மிதந்தோம். நல்ல வெயில். அவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டியையும் வறுத்த மிளகாயையும் தின்றான். பிளம் சாராயப் புட்டியை நான் நீட்டினேன், வேண்டாம் என்று தள்ளிவிட்டான். மகள் முன்னால் வாடை அடிக்கக் கூடாதாம்.

என் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். போன வருஷம் ஒன்றை இந்த ஆற்றுக்குத் தாரை வார்த்த அனுபவம். அவன் போன்தான் படகில் இருந்தது. மலையிடுக்கில் அது ஒரு நிமிஷம் நம்ம டவரைப் பிடிக்கும், அடுத்த நிமிஷம் அவங்க டவரைப் பிடிக்கும். 1:40 என்றது. குனிந்து மறுபடி பார்த்தால் 2:40. நான் ஒரு கெண்டையைப் பற்றி ஏதோ சொல்லி முடிப்பதற்குள் 1:43.

“பைத்தியம் பிடிச்சிருச்சா இதுக்கு!” என்று கத்தினான். “எல்லாரும் சேந்து என்னக் கொழப்பறீங்க!”

“நான் என்னண்ணே பண்ணேன்?”

“நீதான் ஆரம்பிச்சே.”

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிறகு இடது கையைப் பார்த்தான், வலது கையைப் பார்த்தான். சற்று நேரத்தில் மறுபடியும். அவன் உதடு அசைந்தது. “அவ நம்ம மணின்னு நெனச்சு சொல்லியிருந்தா… ஆனா நான் அவங்க மணின்னு நெனப்பேன்னு அவ நெனச்சிருந்தா…” எனக்கே தலை சுற்றியது. ஆற்றின் எந்தப் பக்கம் மேற்கு என்றுகூட ஒரு கணம் மறந்துவிட்டது, சத்தியமாக.

நம்ம மூன்று மணிக்கு வளைவு தாண்டினோம். காற்றில் மேளமும் கிளாரினெட்டும் துண்டு துண்டாக வந்தன. பிறகு ஒலிபெருக்கியில் யாரோ ஏதோ பேரைச் சொன்னார்கள். அந்தத் தூரத்தில் பேர் புரியவில்லை.

“அண்ணே, மோட்டாரப் போடட்டுமா?”

“நாலுக்கு இன்னும் ஒரு மணி இருக்கு.”

மறுபடியும் அந்த அறிவிப்பு. அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் “மொதல்ல வேற யாராச்சும் பாடுவாங்க” என்றான். என்னிடம் சொன்னானா, தன்னிடமே சொல்லிக்கொண்டானா என்று தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவனைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன். தள்ளாமல் விட்டதற்கு ஒரே காரணம், மடியிலிருந்த தொப்பியை அவன் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தான்.

நம்ம நாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது துறையில் அணைந்தோம். விழா நாளில் மட்டும் எல்லைக் காவலர்கள் அங்கேயே மேசை போட்டு பாஸ்போர்ட் பார்ப்பார்கள். மேசைக்குப் பக்கத்தில் நெவென்கா நின்றிருந்தாள். பூவேலை செய்த வெள்ளைச் சட்டை, மேடைக்கான சிவப்புப் பாவாடை. வெயிலில் நின்று நின்று முகம் பாவாடை நிறத்துக்கு வந்திருந்தது.

அண்ணன் இறங்கினான். இடது கையை நீட்டிக் காட்டினான். “பாத்தியா? சரியா நாலு. வந்துட்டேன்.”

“இங்க அஞ்சுப்பா.”

அவன் கை அப்படியே நின்றது.

“பாடிட்டியா?”

மேசையில் இருந்த காவலன்தான் சொன்னான். நாற்பது வயது இருக்கும், எங்கள் பாஷை கொஞ்சம் பேசுவான். “மூணு தடவ கூப்டாங்க பெரியவரே. போம்மான்னு நானே சொன்னேன். இங்கேந்து நகரவே மாட்டேன்னுட்டாங்க. அவங்க எடத்துல வேற ஆளப் பாட விட்டாச்சு.”

“ஏம்மா?” என்றான் அண்ணன்.

“எந்த நாலுன்னு சொல்ல மறந்துட்டேன்பா. மேடைக்குக் கெளம்பும்போதுதான் நெனப்பு வந்துச்சு. இங்க மூணுலேந்து போன் போடறேன், அணச்சே கெடக்கு.” அவள் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க ரெண்டு நாலுல எதுக்கு வேணா வரலாம். மேடையில நின்னா இந்தத் துறை தெரியாது. நீங்க வந்து, நான் இல்லைன்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டா?”

நான் படகுக் கயிற்றைத் துறைக் கட்டையில் கட்டினேன். அண்ணன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். “மணி…” என்று தொடங்கினான். அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டான். அதற்கு மேல் அவனால் முடியாது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

“கொழம்பிடுச்சா?” என்றாள் நெவென்கா. கேலி இல்லை அதில். அசதிதான் இருந்தது.

“ஆமா” என்றான். “இந்தத் தடவ நெசமாவே கொழம்பிடுச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டான். “அந்தத் தடவ கொழம்பலம்மா. ரெண்டு மணியும் எனக்கு நல்லாத் தெரியும். உக்காந்தே இருந்தேன். உன்ன அனுப்பிட்டுத் தனியா எப்படித் திரும்பி வர்றதுன்னு பயமா இருந்துச்சு.”

காவலன் தலையைக் குனிந்து எங்கள் பாஸ்போர்ட்டை வேண்டுமென்றே மெதுவாகப் புரட்டினான். நெவென்கா அப்பனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“பொய்னு அன்னிக்கே தெரியும்பா” என்றாள். “ஏன்னுதான் தெரியாம இருந்துச்சு.”

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் சிறுபிள்ளை மாதிரி அழத் தொடங்கினான். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.