பந்தய வண்டியும் மைலேஜும்

இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு ஏதோ ஒரு வருடம், பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டுமே நடக்கும் பந்தயத்தில் ஓட்ட ஆசைப்பட்டு, வண்டி வாங்கச் செல்லூர்ப் பட்டறைக்குப் போனேன். இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று கனமானது, நிதானமாக வேகம் பிடிப்பது. மற்றது லேசானது, முறுக்கியதும் சீறுவது. முதல் பந்தயத்துக்கு எது சரி என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“பெரிசு லிட்டருக்கு அம்பது குடுக்கும்ணே. சின்னது பெட்ரோலக் குடிச்சே தீத்துரும்.”

“பந்தயத்துக்கு மைலேஜ் எதுக்குய்யா?” என்று கத்திவிட்டேன். பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எனக்கு ஏதோ ஆகிவிட்டதுபோலப் பார்த்தார்.

இரண்டையும் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். லேசான வண்டி நான் நினைக்கும் முன்பே திரும்பியது. பயமாக இருந்தது, பிடித்தும் இருந்தது. கனமான வண்டியில் பயமே இல்லை. அது நல்லதா கெட்டதா என்று விளங்கவில்லை. மறுபடி சின்னதை எடுத்தேன், மறுபடி பெரியதை. மண்டை குழம்பியதுதான் மிச்சம்.

சாயங்காலம் கனமான வண்டியோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “இம்புட்டு கனமா இருக்கு, இதுலயா ரேஸு ஓட்டப் போறீங்க?” என்றாள்.

“லிட்டருக்கு அம்பது குடுக்குமாம்” என்றேன்.