தேவிகாவின் கட்டுரை ஏன் சிவப்பானது?

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் சுமதி வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊரான லாயாங் லாயாங்கில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். குலாய் பக்கம் ஒரு பெக்டரியில் வேலை. அவர் மகள் தேவிகாவும் என் மகள் நிலாவும் இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கில் ஒரே வகுப்பு. சுமதியின் கையில் பள்ளிக்கூடக் கடிதம். தேவிகா கட்டுரையில் ஏமாற்றிவிட்டாளாம், பெற்றோர் வந்து பார்க்க வேண்டுமாம்.

"எனக்கு அங்க போய்ப் பேச வராதுக்கா. நீங்க கூட வர்றீங்களா?"

எனக்குச் சங்கடம். ஏன் என்று சொல்கிறேன்.

வருகிற பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாருவில் ஓர் ஆங்கில எழுத்து முகாம். பள்ளிக்கு ஒரே ஓர் இடம். கட்டுரை எழுத வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வானது நிலா. ஆமாம், அதற்காக எங்கள் வீட்டில் கேக் கூட வெட்டினோம். தேவிகாவுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

மறுநாள் தேவிகாவோடு போனோம். சுமதி வேலைக்குப் போகிற சீருடையிலேயே வந்திருந்தார்.

ஆங்கில ஆசிரியை கெட்டவர் இல்லை. வேலை பிழிந்தெடுக்கிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. எல்லாக் கட்டுரைகளையும் ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்தாராம். எழுதியது மனிதரா, ஏஐயா என்று சொல்லிவிடுமாம். மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். தேவிகாவின் கட்டுரை... மேலிருந்து கீழ்வரை சிவப்பு. சுமதி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு என்றால் தப்பு என்று புரிந்துகொள்ள ஆங்கிலமா தெரிய வேண்டும்?

நான் விளக்கினேன். அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைப்பேசி. அது காலையில் சுமதியோடு பெக்டரி பஸ் ஏறினால், சுமதியோடுதான் திரும்பி வரும். கணினி கிடையாது. ஊர் ரயில் நிலையத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை, நோட்டில் எழுதி, இடைவேளை நேரங்களில் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்தது. ஏஐயை எப்போது போய்க் கூப்பிட்டிருப்பாள்?

தேவிகா நோட்டை நீட்டினாள். ஐந்து பக்கம் பென்சில் எழுத்து. அடித்து, திருத்தி, மறுபடி அடித்து...

ஆசிரியை புரட்டிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நோட்டெல்லாம் சரிதான்மா. ஆனா இவ்வளவு நல்ல இங்கிலீஷ்... இந்தப் பிள்ளைகிட்ட நான் எதிர்பார்க்கல."

எனக்குத் தலைக்கேறியது அங்கேதான். ஏன் எதிர்பார்க்கவில்லை? டியூஷனுக்குப் போகாத பிள்ளை என்பதாலா? அம்மா பெக்டரிக்குப் போகிறவர் என்பதாலா? சந்தேகம் ஏற்கெனவே மனதில் இருந்தது. மென்பொருள் அதற்குச் சிவப்புச் சாயம் பூசிக் கொடுத்தது, அவ்வளவுதான்!

நான் வாயைத் திறப்பதற்குள் தேவிகா பேசினாள்.

"டீச்சர், ஒரு தலைப்பு குடுங்க. இங்கேயே உட்கார்ந்து எழுதுறேன்."

'காத்திருத்தல்' என்று ஒரு தலைப்பு கொடுத்தார். அலுவலக மூலையில் ஒரு மேசை. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நாற்பது நிமிடம் தலை நிமிராமல் எழுதினாள். யோசித்துப் பாருங்கள்... பதினாறு வயதுப் பிள்ளை, தான் திருடவில்லை என்று நிரூபிக்கக் கட்டுரை எழுதுகிறாள்.

பெக்டரி பஸ் வரும் நேரத்தைப் பற்றி எழுதியிருந்தாள். கதவு திறந்ததும் முதலில் ஒரு செருப்புக் கால் தெரியும், அந்தக் கால் அம்மாவுடையதா என்று தனக்கு உடனே தெரிந்துவிடும் என்று ஒரு வரி. ஆசிரியை அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என்ன தோன்றியதோ, அந்தப் பக்கத்தை அவரே தட்டச்சு செய்து அதே மென்பொருளில் போட்டார்.

சிவப்பு.

எங்கள் கண்ணெதிரே, பேனா பிடித்து எழுதிய கட்டுரை. சிவப்பு! ஆசிரியை மடிக்கணினியை மூடினார். "சாரிம்மா" என்று அவர் சொன்னது சுமதியிடம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் மென்பொருளை மட்டும் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வீட்டுக்குப் போய் நிலாவிடம் கேட்டேன். நீ எழுதினதுதானா? கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். ஒரு செயலி எழுதிக் கொடுத்திருக்கிறது. இன்னொரு செயலி அதை மனிதர் எழுதிய மாதிரி மாற்றிக் கொடுத்திருக்கிறது. ஆசிரியையின் மென்பொருள் அதற்குப் பச்சை காட்டிவிட்டது.

"எல்லாரும் இப்படித்தான் பண்றாங்கம்மா. நீங்கதானே அதுக்குப் பணம் கட்டுறீங்க."

உண்மை. மாதாமாதம் என் கார்டில்தான் போகிறது. படிப்புக்கு என்று கேட்டாள், கட்டினேன். எதற்கு என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. காசு உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மாட்டிக்கொள்ளாமல் ஏமாற்றக் கருவி இருக்கிறது. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, ஏமாற்றாமலே மாட்டிக்கொள்ள ஒரு கருவி இருக்கிறது. வகுப்பறையை நவீனமாக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் செய்து வைத்திருப்பது இதுதான். இதற்குச் சமவாய்ப்பு என்று பெயர் வேறு!

மறுநாள் நிலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அழுதாள். ஆனால் ஆசிரியையிடம் எதையும் மறைக்கவில்லை, அவளே சொன்னாள். தேவிகாவுக்கு முழு மதிப்பெண் வந்தது. வகுப்பு முன்னால் ஆசிரியை மன்னிப்பும் கேட்டார். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

முகாம்? நிலா இனிப் போகப்போவதில்லை. ஆனால் அதற்குப் பெயர்களை ஆன்லைனில் பதிய வேண்டும். தேதி முடிந்துவிட்டது, இனிப் பெயரை மாற்றவும் முடியாது, எடுக்கவும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆசிரியை மூன்று இடங்களுக்குப் போன் போட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: சிஸ்டம் மூடிவிட்டது.

தேவிகாவிடம் போய்ச் சொன்னது நான்தான். அவள் அழவில்லை.

"அப்ப அந்த இடத்துல யாருமே உட்கார மாட்டாங்களா ஆன்ட்டி?"

யாரும் உட்கார மாட்டார்கள், கண்ணம்மா. சிஸ்டத்தில் மட்டும் என் மகள் உட்கார்ந்திருப்பாள்.