ஆறுமுகம் தேடிய டர்போ

செய்தியைக் கொண்டுவந்தவர் கோ தூன். மழை கொட்டிக்கொண்டிருந்த ஜூலை மாதக் காலை. ரங்கூன் போட்டாதாங்கில் என் பருப்புக் கடையின் கதவை அப்போதுதான் பாதி திறந்திருந்தேன். குடையில்லாமல் வந்தவர், உளுந்து மூட்டைகள் நனைந்துவிடுமே என்று உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றார். "அக்கோ போய்ட்டாரு" என்றார். அண்ணன் என்பதற்குப் பர்மியச் சொல் அது, ஆறுமுகத்தை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பல் தேய்த்துக்கொண்டிருந்த ஆறுமுகம் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். நான் கேட்ட முதல் கேள்வி எனக்கே விசித்திரமாக இருந்தது. "எந்த நாற்காலி?" என்று கேட்டேன். கோ தூன் அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

ஆறுமுகத்தை உங்களில் சிலர் ஊ தான் வின் என்ற பர்மியப் பெயரில் அறிவீர்கள். துறைமுகக் கிடங்கில் சரக்கு எண்ணி இறக்கும் வேலை பார்த்தவர். மற்றவர்களுக்கு அவர் பச்சைக் கார்க்காரர். ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த கார் அது, உருண்டையான முதுகும் பெரிய முன்விளக்குகளுமாக இருக்கும். அவருடைய அப்பா ஒரு செட்டியார் வீட்டில் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போனபோது, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி வண்டியை விட்டுவிட்டுப் போனது. அவர்கள் வரவில்லை. வண்டி ஆறுமுகத்திடம் வந்தது. எனக்குக் கார் என்றாலே வயிற்றைக் குமட்டும். அப்படிப்பட்டவன் இத்தனை வருடங்கள் ஒரு கார்ப் பைத்தியத்தோடு எப்படிக் குப்பை கொட்டினேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாம் சிரியத்துக்குப் போகும் பாலத்தில் தொடங்கியது. பாலம் திறந்த புதிது. ஆற்றுக்கு அக்கரையில், சிரியத்தில், கோயில் திருவிழா. அந்த ஊரிலேயே இருக்கும், ஆறுமுகத்தின் மனைவி தனத்தின் அண்ணன் குடும்பத்தோடு ரங்கூனுக்கு வந்திருந்தார். பஸ்ஸில் திரும்பிப் போகிறோம் என்றவர்களை ஆறுமுகம் விடவில்லை. அவரும் தனமும், அண்ணனும் அண்ணியும், அவர்களுடைய பிள்ளைகளும், ஓரத்தில் நானும், மடியில் ஒரு அண்டாவுமாகக் கிளம்பினோம். பாலத்தின் ஏற்றம் பாதி ஏறியதும் கார் பெருமூச்சு விட்டு நின்றது. எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் தள்ளினோம். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "மாப்பிள்ளை, பஸ்லயே போயிருக்கலாம்" என்று அண்ணன் ஒரே ஒருமுறைதான் சொன்னார். ஆறுமுகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தனம் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாலம் முழுக்க நடந்தே வந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஆறுமுகம் என் காதோரம் சொன்னார்: "கண்ணப்பா, இதே பாலத்துல தனத்த உக்கார வச்சு ஏத்துறேன் பாரு. கியர்கூட மாத்தமாட்டேன்."

கோபத்தில் சொன்னது, ஆறிவிடும் என்று நினைத்தேன். மறுவாரமே கடைக்கு வந்து, பச்சைக் காருக்குள் ஜப்பான் இன்ஜின் வைக்கப் போவதாக அறிவித்தார். அதுவும் டர்போ வைத்த இன்ஜின். இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகையையே பிடித்து ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அந்தச் சக்கரத்தால் கூடுதல் காற்றை உள்ளே ஊதி, சின்ன இன்ஜினுக்குப் பெரிய இன்ஜினின் பலத்தைக் கொடுப்பதுதான் டர்போ என்று எனக்கு விளக்கினார். "போற மூச்சைக்கூட வீணாக்காத சாமானுய்யா அது" என்றார். பெட்ரோலுக்கு ரேஷன் வைத்து, விடிவதற்குள் வரிசையில் நிற்கிற ஊரில் இந்த அரக்கனுக்கு எதை ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். "மொதல்ல வரட்டும். சாப்பாட்டை அப்பறம் யோசிக்கலாம்" என்றார்.

அது வருவதற்குப் பல வருடங்கள் ஆயின. துறைமுகத்தில் வேலை என்பதால் கப்பல்காரர்கள் எல்லோரும் அவருக்குச் சிநேகிதர்கள். ஒருவர் கேஸ்கட் கொண்டுவருவார், இன்னொருவர் குழாய். தாய்லாந்து எல்லை வழியாக வந்த சாமான்களில் கிளட்ச் கிடைத்தது. நொறுங்கிப்போன ஒரு ஜப்பான் காரிலிருந்து இன்ஜினே கிடைத்தது. ஒன்று வந்தால் இன்னொன்று பொருந்தாது. கியர்பாக்ஸ் ஒரு சாண் நீளமாக இருந்தது, அதை மாற்றி வேறு தேடினார். வீடு இரண்டே அறை. கூடத்தில் இன்ஜினை வைத்து மேலே துணி விரித்தார்கள். தனம் அதன்மேல் டிவியைத் தூக்கி வைத்துவிட்டார். கியர்பாக்ஸ் கட்டிலுக்கு அடியில் போனது. ரேடியேட்டர் என் கடைப் பரணில் ஏறியது. டர்போவை மட்டும் கோ தூனிடம் கொடுத்தார்.

கோ தூனைப் பற்றிச் சொல்ல வேண்டும். போட்டாதாங் படகுத்துறையில் மோட்டார் படகுகளைப் பழுது பார்ப்பவர். ஆறுமுகத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், பர்மியர். தமிழர் தெருவில் வளர்ந்ததால் நாம் பேசுவது முழுக்கப் புரியும், பதில் மட்டும் பர்மிய மொழியில் வரும். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். இன்ஜினை இறக்கி ஏற்றப்போவது அவர்தான் என்பது முதலிலேயே முடிவானது. நகரத்துக்கு வெளியே லைங் தாயாவில் ஓலை வேய்ந்த அவர் வீட்டில், எண்ணெய் தோய்த்த பழைய லுங்கியில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டர்போ பத்திரமாக இருந்தது. அதைச் சும்மா பார்த்துவிட்டு வருவதற்காகவே மாதம் ஒருமுறை ஆறுமுகம் பஸ் ஏறுவார். நத்தை ஓட்டை இரும்பில் வார்த்ததுபோல இருக்கும். அதன் நடுத்தண்டை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்ப்பார். ஆட்டம் இருந்தால் தேய்ந்துபோனது என்று அர்த்தம். அசையாது. திருப்தியாகி டீ குடிப்பார்.

அந்த நாட்களில் எனக்கு மிகவும் பிடித்தது சாயங்காலங்கள். கரண்ட் இருக்காது, பெட்ரோல் இருக்காது. வீட்டுக்கு முன்னால் நிற்கும் காரில் போய் உட்காருவோம். ஆறுமுகம் ஸ்டியரிங்கில், பக்கத்தில் தனம், பின்னால் நானும் கோ தூனும். சாவி போடாத அந்தக் காரை அவர் ஓட்டுவார். "இன்யா ஏரி தாண்டியாச்சு" என்பார். ஆற்றங்காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் போகும். "மாவ்பி வந்தாச்சு. தூசி வரும், கண்ணாடிய ஏத்து தனம்" என்பார். தனம் நிஜமாகவே கண்ணாடியை ஏற்றுவார். "அக்கோ, மெதுவாப் போங்க, மாடு குறுக்க வருது" என்பார் கோ தூன். ஆறுமுகம் பிரேக்கை மிதிப்பார். வெளியே தெருவில் போகிறவர்கள் எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்கள் அந்த நேரத்தில் வயல்களுக்கு நடுவே எங்கேயோ இருப்போம். காரில் போய் எனக்குக் குமட்டல் வராத பயணங்கள் அவை மட்டும்தான்.

2008-ஆம் வருடம் சாமான்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் பழைய இன்ஜினை இறக்குவது என்று பேச்சு. அதற்கடுத்து வந்தது மே மாதப் புயல். ஊரில் மரங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தன, குடிக்கத் தண்ணீர் இல்லை. பஸ் ஓடத் தொடங்கியதும் நானும் ஆறுமுகமும் கொஞ்சம் அரிசியோடு லைங் தாயாவுக்குப் போனோம். தெரு முழுக்க வீடுகளுக்குத் தார்ப்பாய்தான் கூரை. கோ தூன் வீட்டுக்கு மட்டும் புதுத் தகரம் பளபளத்தது. அவர் மனைவி கைக்குழந்தையோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் டின் இருந்த பலகை காலியாக இருந்தது. கோ தூன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் டீ ஊற்றிக்கொண்டே இருந்தார், கிண்ணம் நிறைந்த பிறகும் ஊற்றினார். நான் பலகையைப் பார்த்தேன். ஆறுமுகம் கூரையைப் பார்த்தார். "ஆணிக்கு ரப்பர் வாஷர் போட்டு அடிச்சியா தூன்? இல்லன்னா துரு பிடிச்சு ஒழுகும்" என்றார். பிறகு வாஷரைப் பற்றியே வெகுநேரம் பேசினார்.

அன்றைக்குப் பிறகு கோ தூன் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். படகுத்துறையில் எங்களைக் கண்டால் படகுக்குள் குனிந்துகொள்வார். பர்மியர்கள் ஆனாடே என்று சொல்வார்களே, மற்றவர் மனசு சங்கடப்படுமே என்று வாய் திறக்க முடியாமல் குறுகிப்போவது, அந்த நோய் அவரை நன்றாகப் பிடித்துக்கொண்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடப் பாடு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நேரே போய்க் கேளுங்கள் என்று ஆறுமுகத்திடம் சத்தம் போட்டேன். "கேட்டா அவன் பதில் சொல்லணும்ல?" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அவரே படகுத்துறைக்குப் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. படகுக்குள் குனிந்திருந்த கோ தூனின் தலைக்கு நேராக நின்றுகொண்டு, "தூன், எல்லாம் சேந்துருச்சு. டர்போ ஒண்ணுதான் இல்ல. எனக்கு அதுல வெவரம் பத்தாது. எங்க கெடைக்கும்னு ஒனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம வர்றியா, தேடுவோம்" என்றார். டர்போ என்ற ஒன்றைத் தம் வாழ்நாளில் தொட்டே பார்த்திராதவர் மாதிரிச் சொன்னார். கோ தூன் எழுந்து நின்று அவரையே பார்த்தார். ஆறுமுகத்தின் முகத்தில் ஒன்றும் இல்லை. "வர்றேன் அக்கோ" என்றார் கோ தூன்.

அதன்பின் ஞாயிறுதோறும் இருவரும் தேடினார்கள். பழைய இரும்புக் கடைகள், பணிமனைகள், கப்பல் வந்த செய்தி கேட்டால் துறைமுகம். சில நாள் நானும் போவேன். ஆறுமுகம் அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார், கையில் காசு முன்போல இல்லை. ஒருமுறை நல்ல டர்போ ஒன்று அகப்பட்டது. கோ தூன் தன் பையிலிருந்து பணத்தை எடுக்கப் போனார். மழைக்காலத்துக்கு அவர் சேர்த்து வைத்தது என்று பார்த்தாலே தெரிந்தது. ஆறுமுகம் தண்டை விரலால் அசைத்துவிட்டு, "ஆட்டம் இருக்கு, வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆறுமுகம் நகர்ந்த பிறகு நான் அசைத்துப் பார்த்தேன். மயிரிழை ஆட்டம்கூட இல்லை. பாலத்தில் தனத்தை ஏற்றிப்போகும் நாளை அவர் அங்கே அந்த இரும்புக் கடையில் தெரிந்தே வைத்துவிட்டு வந்தார். வீடு திரும்பும்போது இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தார்கள். அப்படியே இரண்டு வருடம் ஓடியது.

ஆறுமுகத்தின் முப்பதாம் நாள் காரியம் முடிந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. தனத்தைக் கொஞ்ச காலம் சிரியத்தில் அண்ணன் வீட்டில் இருக்க அழைத்திருந்தார்கள். பச்சைக் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் கோ தூன். பழைய இன்ஜின்தான், அதைக் கழற்றவே இல்லையே. தனம் முன்னால், நான் மூட்டைகளோடு பின்னால். பாலத்தின் ஏற்றம் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி முனகியது, கோ தூன் கியரை மாற்றினார், ஏறிவிட்டது. ஆள் குறைவாக இருந்தால் அது எப்போதும் ஏறியிருக்கும்போல. அதைச் சொல்லி நான் கிண்டல் செய்ய ஆறுமுகம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுதேன்.

நடுப் பாலத்தில் தனம், "தம்பி, நிறுத்துங்க. நான் எறங்கணும்" என்றார். பாலத்தில் வண்டியை நிறுத்த அனுமதியில்லை. கோ தூன் ஓரமாக நிறுத்தி, வண்டி பழுதானதுபோல முன்மூடியைத் திறந்து வைத்தார். தனம் கம்பியோரம் போய் நின்றார். கீழே ஆறு அகலமாகக் கிடந்தது. "அன்னிக்கு நடந்தப்பதான் அண்ணே இத நின்னு பாத்தேன்" என்றார் என்னிடம். "அவுகளுக்கு அது பெரிய அவமானம். எனக்கு இங்க நடந்தது புடிச்சிருந்துச்சு. சொல்லியிருந்தா இன்ஜின் தேடுறதயே விட்டுருப்பாக. அதான் சொல்லல."

அதற்குள் விசில் ஊதிக்கொண்டு பாலத்துக் காவலர் வந்துவிட்டார். இளவயதுக்காரர். வண்டிக்குள் எட்டிப் பார்த்து, என்ன கோளாறு என்று கேட்டார். கோ தூன் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார். "டர்போ இல்ல" என்றார். காவலருக்குப் புரியவில்லை. "இருந்துச்சு. நான் வித்துட்டேன், வீட்டுக்குக் கூரை போட. அவர்கிட்ட சொல்லவே இல்ல" என்றார் கோ தூன்.

தனம் திரும்பினார். "அவுகளுக்குத் தெரியும் தம்பி" என்று தமிழில் சொன்னார். "ஒங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்புன அன்னிக்கே எங்கிட்ட சொன்னாக. 'தனம், தூன் வீட்டுல இனி ஒழுகாது'ன்னு. அம்புட்டுத்தான் சொன்னாக. சொல்லிட்டு நல்லாச் சாப்பிட்டாக."

கோ தூன் இன்ஜினுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. காவலர் அவரையே உற்றுப் பார்த்தார், அடுத்த கேள்வி அவர் வாயில் இருந்தது. நான் எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிற ஆள். என் சுபாவத்தில் இல்லாத ஒன்றை அன்று செய்தேன். காவலரின் கையைப் பிடித்து மெல்ல மறுபக்கம் திருப்பி, தம்பிக்கு எந்த ஊர் என்று கேட்டேன். மாவ்பி என்றார். இந்த வருடம் அங்கே மழை எப்படி என்று கேட்டேன். அவர் அப்பாவின் வயலைப் பற்றியும், காய்கறிச் சந்தையைப் பற்றியும், வாங்க நினைத்திருக்கும் எருமையைப் பற்றியும் ஆசையாகச் சொல்லத் தொடங்கினார். கோ தூன் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்மூடியைச் சாத்துகிறவரைக்கும் நான் எருமையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்று வாஷரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஆறுமுகத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்.