கடலை வேகாத ஊரில் வேதியியல்

பள்ளி விடுதிச் சமையல் என்பது அடுப்போடு மட்டுமல்ல, சாப்பிட வரும் ஒவ்வொரு வாயோடும் மல்லுக்கட்டுகிற வேலை. ஊட்டிக் குளிரில் உலை வைக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். நான் எட்டாவதோடு நின்றவள். மகள் கவிதா பத்தாவது படித்தாள். அடுத்து சயின்ஸ் குரூப்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வேதியியல் டீச்சரோ, "மனப்பாடம் பண்றா, புரிஞ்சுக்கறதில்லைங்க. வேற குரூப் பாருங்க" என்றுவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாவு பொங்கவில்லை

மழைக்காலத்தில் இட்லி மாவு அசையவே அசையாது. கம்பளி போர்த்திப் பார்த்தேன். விடிந்தால் பிள்ளைகள் தட்டோடு நிற்பார்களே என்ற பதற்றத்தில் மாவுக் குண்டாவைக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கிவிட்டேன். காலையில் மேலே பச்சை மாவு, அடியில் களி. கவிதா கரண்டியால் கிளறினாள். புத்தகத்தில் இருப்பதை ஒப்பிப்பாள் என்று பார்த்தேன். சிரித்தாள். "வெதுவெதுப்பா இருந்தா வேகமா புளிக்கும்மா. நீ புளிக்க வெக்கற கிருமியையே அவிச்சுட்டியே!"

வார்டனம்மாவின் வெள்ளைச் சேலை

சாம்பார் சிந்தியது, சிந்தியவள் நான்தான். ஓடிப்போய்ச் சோப்பைத் தேய்த்தேன். கறை செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. வேலை போச்சு என்றே நினைத்தேன். கவிதா எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. "சோப்பு காரம், மஞ்சளைச் செவப்பாக்கும். இது அமிலம், பழையபடி ஆக்கிரும்" என்றாள். வார்டனம்மா முந்தானையைத் தூக்கிப் பார்த்தார். "செவப்பு போனது சரிங்க. இந்த மஞ்சளை எந்தப் பாடத்துல எடுப்பீங்க?"

குக்கர் காலை வாரிய நாள்

குக்கரின் கேஸ்கட் கிழிந்ததால் கொண்டைக்கடலையைத் திறந்த அண்டாவில் காலையிலிருந்து கொதிக்கவிட்டேன். பார்த்து அன்றைக்கா அந்த வேதியியல் டீச்சர் சாப்பிட வரவேண்டும்! "ஏனுங்கக்கா, கடலை கல்லாட்டம் இருக்குதே?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கவிதா சொன்னாள்: "மலை மேல காத்தோட அழுத்தம் கம்மிங்க மிஸ். தண்ணி சீக்கிரமே கொதிச்சிருது, ஆனா கீழ சமவெளில இருக்கற அளவு சூடு இருக்காதுங்க. குக்கர்ல ஆவியை அடைச்சு வெக்கறதால சூடு ஏறுது."

"தீயைக் கூட்டினா?"

"தண்ணிதான் வத்துமுங்க மிஸ். சூடு ஏறாது."

கரண்டியோடு நான் நிமிர்ந்து நின்றேன். டீச்சர் கடலையை மெதுவாக மென்று விழுங்கினார். "இவ சயின்ஸ் குரூப்லயே சேரட்டுங்க. நீங்க மொதல்ல கேஸ்கட் மாத்துங்க."

பெருமைப்பட்டு முடிப்பதற்குள் பிளஸ் ஒன் பாடம் இதைவிடக் கஷ்டமாமே என்று யாரோ சொல்லிவிட்டதால், கவலைக்கு இனி எனக்குப் பஞ்சமில்லை.